முட்டை அட்டை தின்ற எஞ்சின்

வண்டி நின்ற இடம் எனக்கு இன்றும் ஆகாது. ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகிற ரோடு. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சித்திரை வெயில். பின்னால் வண்டி நிறைய முட்டை. முன்னால் எஞ்சினுக்குள் கருங்கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் சத்தமே வரவில்லை. சாவியைத் திருப்பினால் டொக்கென்று ஒரு அடி, அவ்வளவுதான்.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ரேடியேட்டர் ஓஸ் குழாய் வெடித்திருந்தது. தண்ணீர் எங்கே கொட்டியதோ, ஒரு சொட்டு மிச்சமில்லை. சூடு காட்டுகிற முள் வண்டி வாங்கிய காலத்திலேயே செத்துப்போனது. எஞ்சின் வெந்துகொண்டிருப்பதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை. வெந்து முடிந்த பிறகுதான் சொன்னது.

அந்தப் பழைய பிக்கப்பை என் வீட்டுக்காரர் ஓட்டுவதற்காக வாங்கினார். ஒரு வருடம் ஓட்டினார். அப்புறம் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை கிடைத்தது என்று வடக்கே போய்விட்டார். பொங்கலுக்கு வருவார், ஊர் நோம்பித் திருவிழாவுக்கு வருவார். வண்டி வாசலில் கிடந்து துருப்பிடித்தது. நான் அப்போது நூல் மில்லில் வேலை பார்த்தேன். பஞ்சு நெஞ்சில் இறங்கி, இருமினால் பக்கத்து வீட்டுக்காரி எழுந்து உட்காருவாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒண்ணுக்குப் போகக்கூட ஒருத்தனிடம் கை நீட்டி டோக்கன் வாங்க வேண்டும். அவன் கொடுக்கிறபோதுதான் வரவேண்டும். ஒருநாள் டோக்கனை அவன் மேசைமேல் எறிந்துவிட்டு வந்தேன். வந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

கோழிப்பண்ணையில் முட்டையை ஏற்றி மளிகைக் கடைக்கும் டிபன் கடைக்கும் பேக்கரிக்கும் இறக்கிவிட்டு வருகிற வேலை. அதை எங்கள் பக்கம் லைன் என்போம். லைன் கையில் இருந்தால்தான் வண்டிக்காரி. இல்லாவிட்டால் வெறும் வண்டியை வைத்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

பண்ணைக்காரர் வேறு வண்டி அனுப்பி முட்டையை மாற்றி ஏற்றினார். அவரும் கூடவே வந்திருந்தார். இழவு வீட்டைப் பார்ப்பது போல என் வண்டியைப் பார்த்தார்.

"திங்கக்கிழம வரைக்கும் பொறுக்கறேன் அம்மிணி. கடைக்காரன் முட்டைக்கு உக்காந்துக்கிட்டு இருப்பான், அவனுக்குப் பதில் சொல்லோணும்ல. திங்கக்கிழம காலைல உன்ற வண்டி பண்ணைல நின்னா லைன் உன்றது. இல்லீனா வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அப்பறம் அழுவக் கூடாது."

"நான் எப்பங்க அழுதேன்?" என்றேன்.

"அதுஞ் செரிதான்," என்று சிரித்தார்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டோம். மெக்கானிக் எனக்கு அண்ணன் வயது. வேலை தெரிந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் தனக்குத் தெரியாதது உலகத்தில் கிடையாது என்று நினைக்கிற ஆள். எஞ்சினை அரைகுறையாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தார்.

"அம்மிணி, இது செத்துப் போச்சு."

"எந்திரிக்காதுங்களாண்ணா?"

"பிஸ்டன் ஒட்டிக்கிச்சு. பிளாக்கே வெடிச்சு ஓடியிருக்குது பாரு, இங்க. இதுக்குச் செலவு பண்றது கெரகம். வேற இஞ்சின் எடுத்து மாத்தோணும். இல்லீனா எடைக்குப் போடு."

அங்கிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் பூமியைக் குடைகிற சத்தம்.

"ஏனுங்க, இஞ்சின் போயிருச்சுங்க."

"என்ன போயிருச்சு?"

"இஞ்சினுங்க!"

"சத்தமாச் சொல்லு."

பட்டறையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன்.

"வித்துப்போடு," என்றார். யோசிக்கக்கூட இல்லை. "காயலான் கடைக்காரன் வந்து தூக்கிக்குவான். மில்லுல போய்க் கேளு, மறுக்காவும் சேத்திக்குவாங்க."

"நீங்க வந்து மில்லுல நில்லுங்க. நான் வந்து போர் போடறேன்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காசு எங்கிருந்து வந்தது என்று எழுத மாட்டேன். எழுதினால் வயிறு எரியும். மெக்கானிக்கும் நானும் சேலம் போய், பழைய எஞ்சின் விற்கிற கடைகளாக ஏறி இறங்கி, ஒன்றைப் பிடித்தோம். கடைக்காரர் எஞ்சினை ஒரு டயர்மேல் உட்கார வைத்து, தண்ணி பாட்டிலில் டீசல் ஊற்றிக் கம்பியில் தொங்கவிட்டு, பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டினார். ஒரே சாவியில் பிடித்தது. டயர்மேல் குதித்துக் குதித்து ஓடியது. என் கண்ணால் பார்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொண்டதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

பட்டறையில் கையாள் யாரும் இல்லை. இருந்தவனும் ரிக் வண்டிக்குப் போய்விட்டானாம். எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அதனால் நானே கையாள். சேலைமேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மூடியைக் கழற்றினோம். ரேடியேட்டரைக் கழற்றினோம். ஒயர்களுக்கு எது எதோடு சேரும் என்று துணி கட்டி அடையாளம் வைத்தோம். சைலன்சர் குழாயின் போல்ட் துருவேறி உருகி ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, திட்டி, கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து கியர்பாக்ஸ் போல்ட்டை நான் கழற்றினேன். வாயில் கிரீஸ் விழுந்தது.

பழைய போர் பைப் மூன்றை ஒன்றுசேர்த்துக் கட்டிய முக்காலி ஒன்று பட்டறையில் நிற்கும். அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு எஞ்சினைத் தூக்கினோம். சங்கிலியை அவர் இழுக்க இழுக்க, நான் எஞ்சினைப் பிடித்து ஆடாமல் பார்த்துக்கொண்டேன். வெளியே வந்து அந்தரத்தில் தொங்கியது. இத்தனை வருடம் என்னைச் சுமந்த சாமான், கறுத்துப் போய், எண்ணெய் ஒழுகிக்கொண்டு, அறுத்துத் தொங்கவிட்ட கிடா மாதிரி இருந்தது. வண்டிக்குள் எஞ்சின் இருந்த இடம் வெறும் ஓட்டையாகக் கிடந்தது. அந்த ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. இனி இதற்குள் ஒன்றைப் போட்டு ஓட வைக்கமுடியும் என்று நம்ப முடியவில்லை.

இப்போது முட்டை அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் முட்டை அட்டை இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. மண்டி போட அட்டை, விசிற அட்டை, அடுப்புப் பற்றவைக்க அட்டை, நட்டு போல்ட்டுப் போட்டு வைக்க அட்டை. குழி குழியாக இருப்பதால் எதையும் பிடித்துக்கொள்ளும். சேலத்திலிருந்து வந்த எஞ்சினில் காற்று இழுக்கிற வாய் திறந்து கிடந்தது. பட்டறையில் தூசி பறந்தது. மெக்கானிக் என் வண்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். ஒரு குழியைக் கிழித்தார். எஞ்சின் வாயில் வைத்து விரலால் அமுக்கினார். அளவெடுத்துச் செய்தது மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது.

"பாத்தியா! கம்பெனிக்காரன்கூட இப்பிடி மூடி குடுக்க மாட்டான்," என்றார்.

நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

எஞ்சினை இறக்குவது தூக்குவதைவிடக் கொடுமை. கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தண்டு கிளச் தட்டின் ஓட்டைக்குள் பல்லோடு பல் சேர்ந்து போக வேண்டும். ஒரு மயிரிழை தப்பினாலும் போகாது. அவர் ஆட்டினார், நான் தள்ளினேன். நான் ஆட்டினேன், அவர் தள்ளினார். செயினை ஒரு கண்ணி இறக்கு, அரைக் கண்ணி ஏற்று. வியாழக்கிழமை முழுக்க இதே பொழைப்பு. ஒருமுறை விரல் நடுவில் மாட்டி நகம் போனது. மற்றொரு முறை அவர் வாயில் வந்த வார்த்தையை நான் கேட்காதது போல இருந்தேன். நான் சொன்னதை அவரும் கேட்காதது போல இருந்தார். பொழுது சாயும்போது சடக்கென்று உள்ளே போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் வினை. சனிக்கிழமை இரும்பைத் தொட்டு எதையும் ஆரம்பிக்கக்கூடாது என்பது மெக்கானிக்கின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். மத்தியானத்துக்குமேல் புது எஞ்சினை ஆரம்பித்தால் விளங்காதாம், பொழுது ஏறுகிற நேரத்தில்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். ஆகவே பத்தரைக்குள் வண்டி உறும வேண்டும். மிச்சமிருந்தது பாதி வேலை. அவர் ஓடினார், நான் ஓடினேன். ஆயில் ஊற்றினோம், தண்ணீர் ஊற்றினோம், ஒயர் மாட்டினோம். காற்றுக் குழாயை எடுத்து எஞ்சின் வாயில் சொருகிக் கிளிப்பை முறுக்கினார். உள்ளே அட்டை இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. நான் டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏறு அம்மிணி! மணியாவுது! சாமியக் கும்புட்டுச் சாவியத் திருப்பு!"

திருப்பினேன். பிடித்தது. பிடித்த நிமிடமே மூச்சுத் திணறுகிற கிழவன் மாதிரி இழுத்தது. கரிப்புகை பட்டறையை மூடியது. நின்றது. மறுபடி திருப்பினேன். இருமியது, நின்றது. மறுபடி. டீசல் குழாயில் காற்று இருக்கிறது என்று அதைக் கழற்றி விட்டார். மறுபடி. பம்பைப் பார்த்தார். மறுபடி. பேட்டரி அடங்கும்வரை திருப்பினேன். எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

"சேலத்துக்காரன் ஏமாத்திட்டான்," என்றார் மெக்கானிக். "இஞ்சின் டம்மி. உள்ள கம்ப்ரசனே இல்ல. இத வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது."

"அங்க ஓடுச்சுங்களேண்ணா? ரெண்டு பேருந்தானே பாத்தோம்?"

"அங்க அவன் என்ன மாயம் பண்ணுனானோ."

மில்லின் சங்கு காதுக்குள் கேட்டது. அந்தச் சட்டையோடு, அந்தக் கரி மூஞ்சியோடு பஸ் ஏறிச் சேலம் போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. கடை வாசலில் நின்று கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுதினால் இதை அச்சடிக்க மாட்டார்கள். கடைக்காரர் எழுந்து வந்தார். அவரும் சளைத்தவர் இல்லை.

"ஏம்மா, ஓட்டிக் காட்டித்தானே குடுத்தேன்? உன் கண்ணு அவிஞ்சா போச்சு அப்ப?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்குது. உன் இஞ்சின்தான் புகையா கக்குது!"

"என்ன புகை? வெள்ளையா, கறுப்பா?"

"எந்தப் புகையா இருந்தா உனக்கென்ன?"

"சொல்லும்மா. கத்தாம சொல்லு."

"கறுப்பு. கரிக் கறுப்பு."

"அப்பக் காத்துப் போகல. டீசல் போகுது, காத்துப் போகல. அந்த மெக்கானிக்கக் காத்துப் போற வழியக் கழட்டிப் பாக்கச் சொல்லு. அதுல ஒண்ணும் இல்லாட்டி இஞ்சினக் கொண்டாந்து என் தலையில போடு."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆண்டகளூர் கேட் தாண்டும்போது சட்டென்று அந்த முட்டை அட்டைக் குழி என் கண்முன் வந்தது. அவர் விரலால் அமுக்கியது. நான் சிரித்தது. பஸ்ஸைவிட்டுக் குதித்து ஓட வேண்டும் போலிருந்தது. போய்ச் சேர்ந்தபோது பட்டறை பூட்டிக் கிடந்தது. வீட்டுக்குப் போய் நெற்றியில் தண்ணீர்த் துணியைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த அட்டைய எடுத்தீங்களா?"

"எந்த அட்டை?"

"இஞ்சின் வாய்ல வச்சீங்களே, முட்டை அட்டை."

டீ டம்ளர் வாய்க்குப் போகவில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. "எடுத்திருப்பேன். எடுக்காமயா குழாய மாட்டுவேன்? நேத்துப் பொறந்தவனா நானு?"

"கழட்டிப் பாருங்க."

"இன்னைக்குச் சனிக்கெழம. ஸ்பேனரத் தொட மாட்டேன். பொம்பள சொன்னாங்கறதுக்காவ வழக்கத்த மாத்தறதா?"

"நீங்க தொட வேண்டாம். சாமி எம்மேல கோவிச்சுக்கட்டும்."

பட்டறைக்குள் போய் ஸ்பேனரை எடுத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிலையோரம் நின்றார். கிளிப்பைத் தளர்த்தினேன். குழாயை இழுத்தேன். வாயில் அட்டை இல்லை.

"பாத்தியா?" என்றார். "எடுத்துட்டேன்னு சொன்னேனில்ல?"

விரலை உள்ளே விட்டேன். இன்னும் உள்ளே விட்டேன். பிசுபிசுவென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால் சாம்பல் நிறத்தில், ஆயிலில் ஊறிய கூழ். எஞ்சின் அட்டையை உள்ளே உறிஞ்சிக் கிழித்துத் தின்றிருந்தது. காற்றுப் போகிற கிளைகளில் எல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்தது. அந்தக் கூழை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளை எல்லாம் சேலத்தில் செலவழித்துவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வந்து, என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். சனிக்கிழமை என்று அப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை. காற்றுப் போகிற இரும்புக் குழாய் முழுவதையும் கழற்றினோம். கம்பியை வளைத்துத் தோண்டித் தோண்டி எடுத்தோம். உள்ளே வால்வு பக்கம் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டேன்.

"கொஞ்சம் போயிருக்கும்," என்றார் தலையைத் தூக்காமல்.

"போனா?"

"எரிஞ்சும் போவும். இல்ல, அங்கயே கெடக்கவும் கெடக்கும். ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும் சாமி."

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, வேறு பேட்டரி கொடுத்து, உச்சி வெயிலில் மறுபடி சாவியைத் திருப்பினேன். பிடித்தது. புகை கறுப்பாக வந்து, சாம்பலாகி, மெலிந்தது. ஓடியது. ஆனால் சேலத்தில் டயர்மேல் குதித்த எஞ்சின் இது இல்லை. நடுநடுவே ஒரு துடிப்புத் தவறியது. அது என் காதிலும் விழுந்தது, அவர் காதிலும் விழுந்தது. அவர் மூடியை இறக்கிச் சாத்தினார்.

"அண்ணா, நேத்து யாருகிட்டயாச்சும் இஞ்சின் டம்மினு சொன்னீங்களா?"

"டீக்கடைல சொன்னேன்."

டீக்கடையில் சொன்னால் பண்ணைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? வண்டியை அணைக்காமல் அப்படியே கிளப்பிக்கொண்டு பண்ணைக்குப் போனேன். கேட்டுக்கு உள்ளே புத்தம்புதுப் பிக்கப் ஒன்று நின்றது. என் கடைகளுக்குப் போகிற அட்டைகளை அதில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

பண்ணைக்காரர் வந்தார். "என்ன அம்மிணி, வண்டி ஓடாதுன்னு சொன்னாங்க?"

"திங்கக்கிழமனு சொன்னீங்க. இன்னைக்குச் சனிக்கெழம."

"மெக்கானிக்கே கைவிட்டுட்டான்னா நான் எதுக்குக் காத்திருக்கோணும்? அந்தத் தம்பிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"எனக்குக் குடுத்தது என்னங்க? வாயில வந்த காத்தா?"

அட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். புது வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "அடிச்சுக்கோ தம்பி. என்ற வண்டிக்குக் காது கேக்காது," என்றேன். நகரவில்லை. எனக்குப் போக இடமும் இல்லை. அந்தக் கேட்டைவிட்டு நகர்ந்தால் அடுத்து நான் நிற்க வேண்டிய இடம் மில்லின் கேட்டுதான்.

பண்ணைக்காரர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, "மலை லைன் ஒண்ணு இருக்குது," என்றார். "கொல்லிமலை. மேல கடைகளுக்கு. வளைவுல முட்டை ஒடையுதுன்னு யாரும் போவ மாட்டேங்கறாங்க. உன்ற வண்டி ஏறுமா?"

ஏறுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? வால்வில் அட்டைக் கூழ் இருக்கிறதோ இல்லையோ. சமவெளியிலேயே துடிப்புத் தவறுகிற எஞ்சின். அந்த வளைவுகளில் பாதியில் நின்றால் பின்னால் உருண்டு போகவேண்டியதுதான். வேறு நல்ல லைன் இருந்தால் இந்த மனுசன் எனக்குக் கொடுத்திருக்க மாட்டார் என்பதும் தெரியும். யாருக்கும் வேண்டாததைத்தான் என் கையில் திணிக்கிறார்.

"ஏறுங்க," என்றேன்.

"ஒடைசல் உன்ற பொறுப்பு."

"செரிங்க."

"நாளைக்கே போவோணும்."

"இன்னைக்கே ஏத்துங்க. விடியக்காலம் கெளம்பறேன்."

வண்டியைப் பின்னால் எடுத்துக் கேட்டைத் திறந்துவிட்டேன். புது வண்டி என் கடைகளுக்கான முட்டையோடு வெளியே போயிற்று. என் வண்டி உள்ளே போய் அதே இடத்தில் நின்றது. அட்டைகளை நானே வாங்கி வாங்கி அடுக்கினேன். நகம் போன விரலில் துணி அவிழ்ந்து தொங்கியது. கொட்டாய்க்குள் கோழிகள் எஞ்சின் சத்தத்துக்குப் படபடத்தன.

"ஏ அம்மிணி, வண்டிய அமத்து!" என்று பண்ணைக்காரர் கத்தினார். "கோழி மெரளுது. டீசலும் வீணாப் போவுது பாரு."

"அமத்துனா மறுக்காவும் புடிக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அப்புறம் அடுத்த அட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.